பம்ப்பைக் கழற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் அரியமங்கலத்தைக் கடப்பவர்களுக்கு அந்தப் பகுதியின் இரண்டு முகங்களும் தெரியும். தொழிற்பேட்டையும் பட்டறைகளும் ஒரு முகம். உய்யக்கொண்டான் வாய்க்காலும், அதன் தண்ணீரை நம்பி திருவெறும்பூர் பக்கம் விரியும் வயல்களும் இன்னொரு முகம். வயலில் ஓடும் இயந்திரம் நின்றுவிட்டால் விவசாயி தேடி வருவது இத்தகைய பட்டறைகளைத்தான்.

இன்ஜின் பழுது என்றால் விவசாயிக்கே ஓரளவு பிடிபட்டுவிடும். புகையின் நிறமும் சத்தமும் ஏதாவது சொல்லும். ஹைட்ராலிக் பழுது அப்படியல்ல. இன்ஜின் நன்றாக ஓடும், லீவரும் நகரும், ஆனால் வேலை மட்டும் நடக்காது. டிராக்டர் லிப்ட் கலப்பையைத் தூக்காது. டிப்பர் டிரெய்லர் பாதியில் நிற்கும். விறகு பிளக்கும் இயந்திரத்தின் ஆப்பு கட்டையைத் தொட்டதும் முடங்கிவிடும். அவசரத்தில் காதில் விழும் முதல் வார்த்தை, "பம்ப் போச்சுங்க" என்பதுதான். பம்ப் மாற்றப்படுகிறது. பழுது அப்படியே இருக்கிறது. பிறகு வால்வு, அதன் பிறகு சிலிண்டர் சீல் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் பார்த்தால், அடைத்துக்கொண்டிருந்தது ஒரு பில்டராக இருக்கும்.

இதில் இழப்பது பணம் மட்டுமல்ல. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது மரபு. தண்ணீர் வந்து சேறடிக்கும் நாட்களில் டிராக்டர் இரண்டு நாள் நின்றால் நடவு தள்ளிப்போகும். நடவு தள்ளிப்போனால் அறுவடை மழையில் சிக்கும். எனவே பழுதை எந்த வரிசையில் தேடுவது என்பது பட்டறைக்காரரின் தனிப்பட்ட விஷயம் மட்டுமல்ல, விவசாயியின் பருவத்தையே தொடும் கேள்வி.

விறகு இயந்திரம் என்னும் பாடப்புத்தகம்

ஹைட்ராலிக்கைப் புரிந்துகொள்ள விறகு பிளக்கும் இயந்திரத்தைவிட எளிய பாடம் கிடையாது. கோடரி பிடிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. சவுக்கு, தைலம், சீமைக்கருவேலம் வெட்டும் இடங்களிலும் விறகுக் கடைகளிலும் இந்த இயந்திரம் மெல்ல இடம்பிடித்து வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் தென்னைகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களை அறுத்து அகற்ற ஆளும் கருவியும் போதாமல் தவித்ததை டெல்டா மறந்திருக்காது.

இந்த இயந்திரத்தில் இருப்பவை சிலவே: இன்ஜின் அல்லது மோட்டார், ஆயில் தொட்டி, பம்ப், லீவர் வால்வு, சிலிண்டர், இவற்றை இணைக்கும் ஹோஸ்கள். கூடவே, அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிலீப் வால்வு. டிராக்டர் லிப்டிலும் டிப்பரிலும் ஜேசிபியிலும் இருப்பது இதே ஏற்பாடுதான், உறுப்புகள்தான் கூடுதல். பிரிட்டனைச் சேர்ந்த ஜோசப் பிராமா ஹைட்ராலிக் அழுத்த இயந்திரத்துக்கு 1795-ல் காப்புரிமை பெற்றார். அன்று அவர் பயன்படுத்திய விதியே இன்று நம் வயலிலும் வேலை செய்கிறது.

கணக்கும் எளிதுதான். சிலிண்டரின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு சுமார் 78.5 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 175 கிலோ அழுத்தம் இருந்தால் ஆப்பு கட்டையைத் தள்ளும் விசை சுமார் 13.7 டன். அழுத்தம் 100 கிலோவாகக் குறைந்தால் விசை 7.8 டன்னாக இறங்கிவிடும். சவுக்கு அப்போதும் பிளந்துவிடும், கணு விழுந்த கருவேலம் பிளக்காது. "நேற்று பிளந்தது, இன்று பிளக்கவில்லை" என்பதன் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் ஒளிந்திருக்கிறது.

இரண்டு கேள்விகள்

எந்த ஹைட்ராலிக் பழுதானாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. வேகம் குறைந்துள்ளதா? விசை குறைந்துள்ளதா? வேகத்தைத் தருவது பம்ப் தள்ளும் ஆயிலின் அளவு. விசையைத் தருவது அழுத்தம். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் தவறான உதிரிபாகம் வாங்குவது தொடங்குகிறது.

ராடு வேகமாக வந்து, கட்டையைத் தொட்டதும் நின்றால், ஆயில் போதுமான அளவு வருகிறது, அழுத்தம்தான் ஏறவில்லை என்று பொருள். ரிலீப் வால்வில் தூசி சிக்கி மூடாமல் இருக்கலாம், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் தேய்ந்து ஆயில் மறுபக்கம் நழுவலாம். பெரும்பாலான விறகு இயந்திரங்களில் இரண்டு நிலை பம்ப் இருக்கிறது. சுமை இல்லாதபோது இரண்டு நிலைகளும் சேர்ந்து ஆயிலை அதிகமாகத் தள்ளும். சுமை வந்ததும் பெரிய நிலை விலகிக்கொள்ள, சிறிய நிலை மட்டும் குறைந்த ஆயிலை அதிக அழுத்தத்தில் தள்ளும். எனவே கட்டையைத் தொட்டதும் வேகம் குறைவது பழுதல்ல, அதுதான் அதன் இயல்பு. பெரிய நிலை விலகாமல் சிக்கிக்கொண்டால், கட்டையைத் தொட்டவுடன் இன்ஜின் திணறி அணைந்துவிடும். அப்போது இன்ஜினைப் பிரிப்பது வீண் வேலை.

ராடு எப்போதுமே மெதுவாக வந்தால், பம்ப்புக்கு ஆயில் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். தொட்டியில் அளவு, உறிஞ்சும் குழாயின் வலை, அந்தக் குழாய் உள்ளுக்குள் சுருங்கியிருக்கிறதா, வாய்ப்பகுதியில் கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. பம்ப் கூழாங்கல் அரைப்பதுபோல் சத்தமிட்டால் அது ஆயிலுக்கு ஏங்குகிறது. அந்தச் சத்தத்தோடு தொடர்ந்து ஓட்டினால் நல்ல பம்ப்பும் தேய்ந்துவிடும்.

ராடு அசையவே இல்லை என்றால், இன்ஜினையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங்கைப் பாருங்கள். நடுவிலுள்ள ரப்பர் துண்டு சிதைந்தோ, சாவி அறுந்தோ போனால் இன்ஜின் சுற்றும், பம்ப் சுற்றாது. சில நூறு ரூபாயில் முடியும் வேலைக்குப் பம்ப் விலை கொடுக்கத் தேவையில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. காலையில் நன்றாக வேலை செய்து, வெயில் ஏறி ஆயில் சூடானதும் பலம் குறைந்தால், அது உட்கசிவு. சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த இடுக்குகளின் வழியே எளிதாக நழுவுகிறது. பம்ப்பின் உட்புறமோ, வால்வோ, பிஸ்டன் சீலோ தேய்ந்திருப்பதற்கான உண்மையான அறிகுறி இதுதான். பம்ப் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய இடமும் இதுதான், இதற்கு முன் அல்ல.

ஆயில் சொல்லும் சேதி

ஆயிலின் அளவைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ராடை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டு, இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராடு 60 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருந்தால், தொட்டியில் சுமார் 1.2 லிட்டர் குறைவாகத் தெரியும். அதைக் குறைவு என்று நினைத்து நிரப்பினால், ராடு உள்ளே போகும்போது தொட்டி வழியும்.

ஆயிலைக் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வையுங்கள். நுரையாக இருந்து, சிறிது நேரத்தில் தெளிந்தால் காற்று கலந்திருக்கிறது. உறிஞ்சும் பக்கம் எங்கோ தளர்வு. மோர் போல வெளுத்து, மறுநாளும் தெளியாமல் இருந்தாலோ, அடியில் தண்ணீர் தங்கினாலோ, நீர் புகுந்துவிட்டது. சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் படபடவென்று பொரிவதும் தண்ணீருக்கான அடையாளம். கருத்துப்போய், தீய்ந்த வாடை வந்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஓடினால் ஆயிலும் கெடும், ரப்பர் சீல்களும் விறைத்துப்போகும்.

டெல்டாவில் தண்ணீர் புகுவதுதான் பெரிய தொல்லை. சேற்றில் அச்சு முங்க உழும் டிராக்டரில், தேய்ந்த ஆக்சில் சீல் வழியாகவும் பிரீதர் வழியாகவும் நீர் உள்ளே போகும். பல டிராக்டர்களில் கியர், டிபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். எனவே தண்ணீரும், கியரில் தேய்ந்த இரும்புத் துகளும் லிப்ட் வால்வுக்கே வந்து சேரும். சேறடிப்பு முடிந்ததும் ஆயிலைப் பார்ப்பது, அறுவடை முடிந்ததும் வரப்பைப் பார்ப்பதுபோல வழக்கமாக வேண்டும்.

எந்த ஆயில் என்பதிலும் நாம் கவனக்குறைவாக இருக்கிறோம். விறகு இயந்திரத்துக்கும் டிப்பருக்கும் நம் வெயிலில் பெரும்பாலும் பயன்படுவது 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில். டிராக்டருக்கு அது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டருக்கு நிறுவனம் குறிப்பிட்ட டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் மீந்த இன்ஜின் ஆயிலை ஊற்றிச் சமாளிப்பது லிப்டோடு பிரேக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

லிப்ட் குலுங்கினால்

டிராக்டரின் மூன்று முனை இணைப்பும், மண்ணின் இழுவைக்கு ஏற்பக் கலப்பையின் ஆழத்தைத் தானே சரிசெய்யும் ஏற்பாடும் ஹாரி பெர்குசன் என்பவரின் பங்களிப்பு. அவருடைய முறையில் 1936-ல் ஒரு டிராக்டரும், 1939-ல் போர்டு நிறுவனத்துடன் சேர்ந்து இன்னொன்றும் வந்தன. இன்று நம் ஊரில் எந்த நிறுவனத்தின் டிராக்டரை எடுத்தாலும் பின்பக்கம் இருப்பது அந்த ஏற்பாட்டின் வாரிசுதான். அதில் இரண்டு லீவர்கள் உண்டு. ஒன்று உயரத்தைக் கட்டுப்படுத்தும், மற்றொன்று இழுவையைக் கட்டுப்படுத்தும். புதிதாக ஓட்டுபவர் இரண்டாவது லீவரைத் தவறான இடத்தில் வைத்துவிட்டு, "லிப்ட் தானாக ஏறி இறங்குகிறது" என்று பட்டறைக்கு வருவதுண்டு. கருவியைப் பிரிக்கும் முன் லீவர்களைச் சரியான இடத்தில் வைத்துப் பார்ப்பது முதல் சோதனை.

லீவர்கள் சரியாக இருந்தும், தூக்கிய கலப்பை ஒரே இடத்தில் நிற்காமல் இறங்குவதும் ஏறுவதுமாகக் குலுங்கினால், உள்ளே ஆயில் கசிகிறது. கலப்பை இறங்குவதை உணர்ந்து வால்வு மறுபடி தூக்குகிறது. அந்தப் போராட்டம்தான் குலுக்கல். லிப்ட் சிலிண்டரின் ஓ-ரிங் அல்லது வால்வு தேய்மானம் இதற்குக் காரணமாக இருக்கும். பம்ப் ஆயில் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. அதை மாற்றினால் குலுக்கல் நிற்காது.

கையை வைக்காதீர்கள்

மேலே சொன்னதெல்லாம் பணக் கணக்கு. இனி சொல்வது உடம்பின் கணக்கு. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், அதிலிருந்து பீறிடும் ஆயில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது நம்மவர்களின் பழக்கம். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்கிறார்கள் மருத்துவர்கள். விறகு இயந்திரத்தில் இருப்பது அதைப்போல் 25 மடங்கு. ஆயில் தோலுக்குள் புகுந்தால், வெளியே முள் குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். உள்ளே திசு அழுகத் தொடங்கிவிடும். களிம்பு தடவிக் காத்திருக்கக் கூடாது. உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய், "அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போய்விட்டது" என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதம் விரலையோ கையையோ பறித்துவிடும்.

கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைக் குச்சியில் செருகி ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் போதும். ஈரம் படும் இடம்தான் ஓட்டை. எந்த இணைப்பைக் கழற்றும் முன்பும் இன்ஜினை நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, லீவரை இரு பக்கமும் அசைத்து உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். தூக்கிய டிப்பர் தொட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் தலையை நீட்டக் கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால் தொட்டி இறங்க நொடிகள்தான் ஆகும். விறகு இயந்திரத்தில் ஒருவர் கட்டை வைக்க, இன்னொருவர் லீவர் இழுப்பது வேகமாகத் தெரியலாம். கைவிரல்கள் போவதும் பெரும்பாலும் அப்படித்தான். கட்டை வைப்பவரே லீவரையும் இயக்க வேண்டும்.

கணு விழுந்த கட்டை பிளக்கவில்லை என்று ரிலீப் வால்வின் திருகை இறுக்குவது இன்னொரு விபரீதம். 175 கிலோவில் 13.7 டன் தந்த சிலிண்டர், 220 கிலோவில் 17 டன்னுக்கு மேல் தரும். அந்தக் கூடுதல் 3 டன்னை ஹோஸும் சட்டமும் பற்றவைப்பும் தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ரிலீப் வால்வு திறப்பது இயந்திரம் தோற்றதற்கான அடையாளமல்ல, நம்மைக் காப்பாற்றியதற்கான அடையாளம். அந்தக் கட்டையைத் திருப்பி வைத்துக் கணுவைத் தவிர்த்துப் பிளப்பதோ, ஒதுக்கிவைப்பதோதான் விவரம்.

ஒரு கேஜ் போதும்

இவ்வளவு சொன்ன பிறகும், சில பழுதுகளைக் கண்ணாலும் காதாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தேவை ஒரு பிரஷர் கேஜ். பம்ப்புக்கும் வால்வுக்கும் நடுவில் கேஜை மாட்டி, ராடைக் கடைசிவரை ஓட்டி, ஒரு நொடி லீவரைப் பிடித்துப் பார்த்தால், அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். சரியாக ஏறினால் பம்ப்பும் ரிலீப் வால்வும் நலம், கோளாறு வேறிடத்தில். ஏறாவிட்டால், சிலிண்டருக்குப் போகும் வழிகளை அடைத்துவிட்டு மறுபடி சோதிக்கலாம். அப்போது ஏறினால் குற்றவாளி சிலிண்டர் சீல். அப்போதும் ஏறாவிட்டால் மட்டுமே ரிலீப் வால்வு, அதன் பின் பம்ப். இந்தச் சோதனை பழகியவர் கையில் நடக்க வேண்டியது. கேஜும் இணைப்புகளும் சேர்ந்தாலும் ஒரு பம்ப்பின் விலையில் சிறு பங்குதான். ஆனால் கிராமத்துப் பட்டறைகளில் ஸ்பேனர் செட் இருக்கும் அளவுக்கு கேஜ் இருப்பதில்லை.

இதற்குப் பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. "சாயங்காலத்துக்குள் வண்டி வேணும்" என்று நிற்கும் விவசாயியின் அவசரத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழுதைக் கண்டுபிடிப்பதற்குத் தனியாகக் கூலி கொடுக்க நாம் தயங்குகிறோம். பொருளை மாற்றினால்தான் கூலி என்று இருக்கும்வரை, பொருள்தான் மாறும். ஒரு மணி நேரச் சோதனைக்குக் கூலி கொடுப்பது, மூன்று தவறான உதிரிபாகம் வாங்குவதைவிட மலிவு.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2014-15 முதல் நடந்துவரும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் இயந்திரங்களுக்கு மானியம் கிடைக்கிறது, வாடகை மையங்களும் அமைக்கப்படுகின்றன. வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்கு விடுகிறது, அதற்கெனக் கைப்பேசிச் செயலியும் வைத்திருக்கிறது. இயந்திரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில் காட்டிய அக்கறை, அதை ஓடவைப்பதிலும் வேண்டும். நாம் கேட்பது மூன்று.

முதலாவது, மானியத்தில் விற்கும் ஒவ்வொரு ஹைட்ராலிக் கருவியோடும் தமிழில் கையேடும் ஆயில் ஓட்டத்தின் வரைபடமும் தரப்பட வேண்டும். கேஜ் மாட்டுவதற்கான திறப்பு கருவியிலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வாடகை மையத்திலும் ஒரு கேஜும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். பக்கத்து விவசாயி டிராக்டரைக் கொண்டுவந்து, சிறு கட்டணத்தில் சோதித்துக்கொள்ள வழி வேண்டும். மூன்றாவது, கிராமத்து மெக்கானிக்குகளுக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று ஹைட்ராலிக் பயிற்சி.

மூன்றாவது கோரிக்கைக்குத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அரியமங்கலத்திலேயே சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. குமுளூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பொன்மலையில் ரயில்வே பணிமனை, திருவெறும்பூரில் பெல் ஆலை என்று இயந்திரத்தோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். பயிலகத்தின் பயிற்சிக்கூடம், வேளாண் கல்லூரியின் பாடம், ஓய்வுபெற்ற தொழிலாளியின் கை அனுபவம் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், சாலையோரப் பட்டறை இளைஞர் அடுத்த பருவத்துக்குள் கேஜைப் படிக்கக் கற்றுவிடுவார். மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

அதுவரை விவசாயி செய்யக்கூடியது ஒன்று உண்டு. இயந்திரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆயில் மாற்றிய தேதி, எந்த ஆயில், பில்டர் கழுவிய தேதி, என்ன பழுது வந்தது, எதை மாற்றியபின் சரியானது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். அடுத்த முறை வண்டி நின்றால், அந்த நோட்டை மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு, ஆயில், பில்டர், கப்ளிங், ரிலீப் வால்வு, சிலிண்டர், கடைசியில் பம்ப் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.